ஒரு வாசலுக்கு எதிரே வைத்த கேமரா

1. எழுத்தில் இல்லாத உத்தரவு

இன்ஸ்பெக்டர் போன் செய்தபோது நான் ஒரு பட்டுக்கடையில் பழைய டி.வி.ஆர். பதிவுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "மூர்த்தி, ஏணி எடுத்துக்கினு உடனே வா" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. போலீஸ் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: கேளுங்கள். வாய் ஒன்றும் வலிக்காது.

பெரிய காஞ்சிபுரத்தில் சிசிடிவி வேலை செய்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பட்டுக்கடை, லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று நான் கேபிள் இழுக்காத கட்டடம் குறைவு. வியாபாரிகள் வாங்கிக் கொடுத்து போலீஸ் பார்த்துக்கொள்ளும் தெருக் கேமராக்களும் என் கைவேலைதான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தக் கேமராவால் தொலைந்த குழந்தை கிடைத்திருக்கிறது, செயின் அறுத்தவன் மாட்டியிருக்கிறான். கேமரா கெட்டது என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் ஒரு நெசவாளர் தெருவில் நின்றிருந்தார். தெருவின் நடுவில் இருந்த கரண்ட் கம்பத்தைக் காட்டினார்.

"இதுல ஒரு புல்லட் கேமரா போடு."

"சார், தெரு முனையில வெச்சா ரெண்டு பக்கமும் கவர் ஆகும். இங்க வெச்சா ஒரு வாசல்தான் தெரியும்."

"அந்த வாசல்தான் தெரியணும்."

"யாராவது கம்ப்ளெய்ன்ட் குடுத்தாங்களா சார்?"

"நீ கேமராக்காரனா, வக்கீலா?"

"எழுத்துல ஒரு ஆர்டர் இருந்தா..."

"நான் நிக்கிறேன்ல? நான்தான் ஆர்டர். ஏறு."

அந்த வாசல் மல்லிகாவுடையது. வீட்டில் ஒரு தறி. தம்பி சேகர் நெய்வான், மல்லிகா ஊடைநூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மொபைல் திருட்டை விசாரிக்க வேண்டும் என்று சேகரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். காலையில் கையை வீசிக்கொண்டு உள்ளே போனவன் சாயங்காலம் வலது கை உடைந்து வெளியே வந்தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள். நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்கள் எல்லாமே அப்படித்தான் வழுக்கும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வழுக்காது. மொபைலைத் திருடியது வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது.

மல்லிகா கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். வருவாய்க் கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. விசாரணை போட்டார்கள். சேகர் நல்ல கையோடு உள்ளே போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே பூ விற்கும் வள்ளியம்மா ஒருவர், டீக்கடை குமார் ஒருவர், இன்னும் சிலர். செங்கல்பட்டிலிருந்து ஒரு வக்கீல் ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகா வீட்டுக்கே வந்து அவர்களிடம் பேச ஆரம்பித்திருந்தார். சாட்சிகள் வந்தால் கேஸ் நிற்கும், வராவிட்டால் பாத்ரூம்தான் குற்றவாளி. கேமரா எதற்கு என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

நான் கம்பத்தில் கிளாம்ப் அடிக்கும்போது மல்லிகா ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"எனக்குத்தானாண்ணே இது?"

"ஆமாம்மா."

"சரி, மாட்டுங்க. நீங்க மாட்டலன்னா வேற ஆளு வரப்போறான். நல்லா டைட்டா மாட்டுங்க, காத்துக்குத் திரும்பிச்சுன்னா அதுக்கும் எம்மேலதான் கேஸ் போடுவாங்க."

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நாலு ஸ்க்ரூ, ஒரு கிளாம்ப், கொஞ்சம் கேபிள். கோர்ட் இல்லை, நோட்டீஸ் இல்லை. ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றுகிற ஒரு பெண்ணின் வாசலை, கேட்காமல் கொள்ளாமல் எடுத்துக்கொள்ள இவ்வளவுதான் வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் பிறகுதான் வந்தது. ஏணியை விட்டு இறங்கியபோது பிரமித்துப் போய் நின்றேன். அவ்வளவு மெல்லிசான பாதுகாப்பை நம்பியா நாம் இத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறோம் என்று நினைத்தேன்.

2. வாயால் சொன்னது

லைவ் படம் ஸ்டேஷன் மானிட்டரிலும் இன்ஸ்பெக்டர் போனிலும் ஓடியது. அவர் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வெறுமனே விசாரித்தார்.

குமார் மல்லிகா வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் டீக்கடையில் வந்து உட்கார்ந்தார். "நேத்து அந்த வீட்ல இன்னா விசேஷம்? நீல சட்டை உனக்கு நல்லா இருந்துது" என்றார். அவ்வளவுதான். டீக்குக் காசும் கொடுத்துவிட்டுப் போனார். வள்ளியம்மாவிடம் பிளாட்பாரத்தில் கடை போடுவது ஆக்கிரமிப்பு ஆகுமே என்று கவலைப்பட்டார்கள். எதுவும் எழுத்தில் இல்லை. எழுத்தில் இருந்தால் எதிர்த்து மனுப் போடலாம். நீல சட்டை நல்லா இருந்துது என்பதை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அடுத்த ஞாயிறு வக்கீல் வந்து மல்லிகா வீட்டில் தனியாக உட்கார்ந்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. விசாரணைத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

குமாரை நான் திட்டினேன். "பார்த்ததைச் சொல்ல இன்னாய்யா பயம் உனக்கு?"

"நீ ஏன் இப்படிப் பேச மாட்ட? நீ கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற ஆளு. நான் முன்னாடி இருக்கிறவன்பா" என்றான்.



3. "கேமரா புட்டுக்கிச்சு"

ஒரு திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து போன். "உன் கேமரா புட்டுக்கிச்சு. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். மானிட்டர் முழுக்க ஒரு மாதிரி மங்கலான நிறம், அசைந்துகொண்டே இருந்தது. ஒயிட் பேலன்ஸ் போயிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஜூம் செய்தேன். இழை தெரிந்தது. நூல். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு எனக்கு அது தெரியாமல் இருக்குமா? சாயம் போட்ட பட்டு நூல் கட்டுகள், சிட்டங்கள். அடர்த்தியான நிறங்கள் படம் முழுக்க அடைத்துக்கொண்டால் கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யப் பார்த்துக் குழம்பிவிடும். அதுதான் நடந்திருந்தது.

தெருவுக்கு ஓடினேன். மல்லிகா வீட்டுக்கு முன்னால் மூங்கில் கால்கள் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே வரிசை வரிசையாகக் கழி கட்டி, சிட்டங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்திரிப்பூ. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஆட்டோ போக ஓரத்தில் ஒழுங்காக வழி விட்டிருந்தது. பக்கத்தில் சாயப்பட்டறை சாதிக் பாய் ஒரு சிட்டத்தை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது?"

"பட்டு காய வெச்சிருக்கேன். உனக்குத் தெரியாதா?"

"பின்னாடி சந்துலதானே காய வெப்பீங்க?"

"அங்க இப்போ வெயில் அடிக்குது. பட்டு நேர் வெயில்ல காஞ்சா சாயம் வெளுக்கும். மல்லிகா வீட்டுப் பக்கம் மத்தியானம் வரைக்கும் நெழல். எங்க அத்தா காலத்துல இருந்து இந்தத் தெருவுல காய வெச்சவங்கதான் நாங்க."

"கேமரால ஒண்ணும் தெரியலன்னு இன்ஸ்பெக்டர் கத்துறாரு."

அவர் அப்போதுதான் கேமராவைப் பார்க்கிறவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார். "அட, இங்க ஒண்ணு இருக்குதா? மேல தண்ணி கிண்ணி தெறிச்சிருச்சாப்பா? காஸ்ட்லி ஐட்டமாச்சே."

வாசலில் தார் சுற்றிக்கொண்டிருந்த மல்லிகா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாதிக் பாய்க்கும் மல்லிகாவுக்கும் உறவு இல்லை, ஒட்டு இல்லை. அவர் சாயம் போட்டுக் கொடுப்பவர், அவ்வளவுதான். அவரிடம் போய் யாராவது கேட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாரம் பக்கத்துத் தெருப் பட்டறையில் இருந்தும் சிட்டம் வந்தது. அவர்களுக்கும் திடீரென்று நிழல் தேவைப்பட்டது போல.

காற்றில் பட்டு ஆடும்போதெல்லாம் மோஷன் அலர்ட் அடித்தது. இன்ஸ்பெக்டரின் போன் காலையிலிருந்து மத்தியானம் வரை கத்திக்கொண்டே இருந்தது. அலர்ட்டை நிறுத்தச் சொல்லி என்னை மறுபடியும் கூப்பிட்டார்.

4. கால்கள்

அந்த ஞாயிறு காலை நான் ஸ்டேஷனில் மானிட்டர் முன்னால் இருந்தேன். செட்டிங் மாற்றி எப்படியாவது வாசலைக் காட்டு என்று இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றார்.

படத்தில் மேலே எல்லாம் பட்டு. அதற்குக் கீழே, திரையின் அடியில், தரை மட்டும் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அங்கே கால்கள் நடந்தன.

முதலில் ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் மல்லிகா வீட்டுக்குள் போயின. பிறகு கொலுசுக் கால். பிறகு வெறுங்கால், வெடித்த குதிகால். வேட்டி, லுங்கி, புடவைக் கரை, சுடிதார். உள்ளே போகிற கால், வெளியே வருகிற கால். நிற்கவே இல்லை. ஒருவர் கையில் குடம் இருந்திருக்க வேண்டும், தரையில் தண்ணீர் சிந்தியது. தெருவே அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சும்மா போய், சும்மா வந்தது. அதில் யார் சாட்சி, யார் சர்க்கரை கடன் வாங்க வந்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது.

"இது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர், திரையில் விரலை வைத்து.

"கால் சார்."

"யாரு காலு?"

"மனுசன் காலு சார்."

மூலையில் கேஸ் டைரி எழுதும் ரைட்டர் இருமினார். அது இருமல் இல்லை.

நான் எத்தனையோ ஆயிரம் மணி நேரம் மானிட்டர் பார்த்தவன். திருட்டு பார்த்திருக்கிறேன், விபத்து பார்த்திருக்கிறேன். அந்தக் கால்களைப் போல ஒன்றைப் பார்த்தது இல்லை. கோஷம் இல்லை, கொடி இல்லை, தலைவர் இல்லை. யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. பட்டு காய்ந்தது, ஜனங்கள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அரசாங்கம் முழுக்க ஒரு கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு காலுக்குக்கூடப் பெயர் சொல்ல முடியாமல் தவித்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது.

"மூர்த்தி, ஒரு சர்வீஸ் ரிப்போர்ட் எழுது. பப்ளிக் கேமராவை சேதப்படுத்தி இருக்காங்க, அதனால படம் வரலன்னு எழுது. மத்ததை நான் பார்த்துக்குறேன்."

மற்றது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பொதுச் சொத்துக்குச் சேதம். சாதிக் பாய் உள்ளே போவார். மூங்கிலைப் பிடுங்குவார்கள். வாசல் தெரியும்.

"கேமராவுக்கு ஒண்ணும் ஆகல சார். போகஸ் கரெக்டா இருக்குது. லென்ஸ் சுத்தமா இருக்குது. எதிர்ல என்ன இருக்குதோ அதைக் காட்டுது. பட்டு இருக்குது, பட்டு தெரியுது."

"நீ யாரு பக்கம்?"

"நான் மெக்கானிக் சார். ரிப்பேர் ஆனதைத்தான் ரிப்பேர்னு எழுத முடியும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. வராந்தாவில் லாக்கப்பைப் பார்த்தபடி இருந்த கேமராவைக் காட்டினேன். அதன் கேபிள் கழற்றி ஆணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. சேகரை அழைத்து வந்த மாதம் நான் சர்வீஸுக்கு வந்தபோதும் அது அப்படித்தான் இருந்தது. "அதுதான் சார் ரிப்பேர். எழுதணும்னா அதை எழுதித் தரேன்."

அவர் என் டூல் பையைக் காலால் என் பக்கம் தள்ளினார். "போ" என்றார்.

அதற்குப் பிறகு ஸ்டேஷன் வேலை எனக்கு வரவில்லை. மாநகராட்சி வேலையும் வரவில்லை. என் கடை வாசலில் வண்டி நிற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கண்டுபிடித்தார்கள். பரவாயில்லை. பட்டுக்கடைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள்.

5. விசாரணை நாள்

இந்தத் தொழிலில் இருக்கிற இளையவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தப்பு செய்யாதவனுக்குக் கேமராவைப் பார்த்து என்ன பயம் என்று கஸ்டமர்கள் கேட்பார்கள், அதிகாரிகள் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். தப்பு செய்யாதவர்கள்தான் அந்தத் தெருவில் பயந்தார்கள். பயந்த மனிதன் உண்மையைச் சொல்வதற்கு முன்னால், யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தைரியம் சேர்க்க வேண்டும். அந்த இடத்தை எடுத்துவிட்டால் சட்டப் புத்தகத்தில் எத்தனை உரிமை இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் ஸ்க்ரூ முடுக்கும் முன் ஏணி மேலிருந்து பாருங்கள், பிரேமில் யார் வாசல் வருகிறது என்று. காரணம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. சேகரால் கையை முழுதாக நீட்ட முடியவில்லை. கேமராவும் கம்பத்தில் அப்படியே இருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று நான் எழுத மாட்டேன்.

ஆனால் சாட்சிகளைக் கூப்பிட்ட அந்த நாளை எழுதியாக வேண்டும். லாக்கப் கேமரா பற்றி வக்கீலிடம் சொல்லியிருந்தேன், அதனால் எனக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மரத்தடியில் நின்றிருந்தேன். இன்ஸ்பெக்டரின் ஜீப் கேட் பக்கத்திலேயே நின்றது, அவரும் அதில் சாய்ந்து நின்றார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட் பக்கம் நிழலும் இல்லை, பட்டும் இல்லை.

மல்லிகா முதலில் வந்தாள், சேகரோடு. பின்னால் குமார், அதே நீலச் சட்டையில். அவனுக்குப் பின்னால் வள்ளியம்மா ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கி, நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்ப்பா, இங்க கேமரா இருக்குதா?"

கேட்டுக்கு மேலே காட்டினேன். "இருக்குதும்மா."

"மொகம் நல்லா தெரியுமா அதுல?"

"நல்லா தெரியும்."

முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினார்.

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, ஜீப்பைத் தாண்டி, நிமிர்ந்து பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.