அயினிக்கட்டையில் ஒரு சதுரம்

தாசம்மாள் பதினொரு வருஷம் மரத்தைத் தேய்த்தாள். கரமனையில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறை. ஆண்கள் அறுத்தார்கள், இழைத்தார்கள், துளை போட்டார்கள். பெண்களுக்கு உப்புத்தாள். அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சதுரத் துளை போடும் மெஷின் நின்றது. அதைத் தொட அவளை விட்டதில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் வேலையை விட்டாள். கணவனின் தங்கை ஜினியும் அவளும் பெண்களுக்கான தச்சுப் பயிற்சிக்கு ஆறு மாதம் போனார்கள். பிறகு நேமத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஜினி சட்டங்களை அறுத்து முனையில் குடுமி செதுக்குவாள். அந்தக் குடுமி நுழையும் துளையைத் தாசம்மாள் உளியால் வெட்டுவாள். ஜினி அவசரக்காரி. அவள் வெட்டிய துளையில் குடுமி ஆடும். தாசம்மாள் வெட்டியதில் ஒரு நூல் நுழையாது.

இந்த வருஷம் சபையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பந்திக்கு முப்பது பெஞ்சு கேட்டார்கள். பெஞ்சுக்குப் பன்னிரண்டு துளை. கையால் முடிகிற காரியம் இல்லை, மெஷின் வாங்குவோம் என்றாள் ஜினி. கொட்டகையில் ஒரு மெஷினுக்குத்தான் இடம் இருந்தது.

தாசம்மாளின் வலது மணிக்கட்டு நாலு மாதமாக வீங்கியிருந்தது. உளியை அடிக்கும் கொட்டாப்புளியைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஜினியிடம் அவள் அதைச் சொல்லவில்லை. உப்புத்தாளை இடது கையாலும் தேய்க்கலாம் என்பது ஜினிக்கும் தெரியும்.

ஆரியசாலையில் வெங்கிடேஷின் கடைக்குப் போனார்கள். துளை போட்டுக் காட்டக் கடையில் வைத்திருக்கும் கட்டை மேல் ஜினிக்கு நம்பிக்கை இல்லை. ஒரு துண்டு அயினி மரமும், குடுமி செதுக்கிய ஒரு சட்டமும் பையில் கொண்டுவந்திருந்தாள்.

"வீட்டுக்காரர் வரலியாக்கா? மெஷின் வாங்க வந்திருக்கீங்க," என்றான் வெங்கிடேஷ் தாசம்மாளிடம்.

"எங்க அண்ணனுக்கு மரத்துல தெரிஞ்சது பல்லுக்குச்சி மட்டும்தான்," என்றாள் ஜினி. "நீங்க காட்டுங்க அண்ணாச்சி."

அவன் டிரில் பிரஸ்ஸைக் காட்டினான். அயினியில் நாலு வட்டத் துளை வரிசையாக இறங்கியது.

"இது நாலு வேலைக்கு ஆகும். மரம், இரும்பு, என்ன வேணும்னாலும் துளைக்கலாம். ஓரத்தை மட்டும் உளியால தட்டி எடுத்தா சதுரம் ஆயிரும்."

"மைனி தட்டட்டும். பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, இவுக கைய."

ஜினியின் குரலில் பெருமை இருந்தது. தாசம்மாள் கடையில் கிடந்த உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்து ஓரத்தில் வைத்தாள். இரண்டு அடி சரியாக விழுந்தது. மூன்றாவதில் கொட்டாப்புளி தரையில் கிடந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா மைனி?"

"நாலு மாசம்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"என்னயத் தேய்க்க உக்கார வச்சிருவ."

"நல்லா இருக்கே. உங்க துளைய நம்பித்தான நான் குடுமி செதுக்கது? நான் மட்டும் செதுக்கி யாரு தலையில சொருக?"

வெங்கிடேஷ் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மூலையில் சாக்கு போட்டு ஒரு மெஷின் நின்றது. தாசம்மாள் சாக்கை விலக்கினாள். நாலு ஓரமும் கூரான சதுரக் குழாய் உளி. அதற்குள்ளே சுழலும் பிட். பட்டறையில் அவள் பக்கத்தில் நின்ற அதே ஜாதி.

"மார்ட்டைசர். அது வேண்டாங்க்கா. கொண்டுபோனவரு ஒரு வாரத்துல திருப்பித் தந்துட்டாரு. கட்டையில வச்சா புகையுதாம்."

அவள் குனிந்து அடியில் பார்த்தாள். பிட்டின் தலை உளியின் வாயோடு ஒட்டிக் கிடந்தது. உரசிச் சூடேறி உளி கறுத்திருந்தது. பட்டறையில் மேஸ்திரி உளி மாற்றும்போதெல்லாம் சந்து வைக்க உடைந்த வாள் பிளேடு ஒன்றைத் தேடுவார். கிடைக்காவிட்டால் கத்துவார். பதினொரு வருஷம் அதைக் கேட்டிருக்கிறாள்.

"ஜினி, கொட்டகை சாவியத் தா."

பிட்டையும் உளியையும் தளர்த்தி, உளியின் தோளுக்கு மேலே சாவியைச் செருகினாள். பிட்டை உளியோடு ஒட்ட வைத்து முறுக்கினாள். பிறகு சாவியை உருவி, உளியை முழுக்க மேலே ஏற்றி இறுக்கினாள். இப்போது பிட்டின் தலைக்கும் உளியின் வாய்க்கும் நடுவே சாவியளவு சந்து.

"ஸ்விட்ச் போடுங்க."

கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. அவள் நின்ற இடத்தை மாற்றி, இடது கையால் பிடித்து, உடம்போடு சாய்ந்தாள். அயினித் துண்டில் உளி இறங்கியது. பக்கவாட்டுப் பிளவில் மஞ்சள் தூள் சுருண்டு வந்தது. மூவரும் புகைக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

ஒட்டி இன்னும் மூன்று சதுரம் போட்டாள். ஜினி சட்டத்தை எடுத்துக் குடுமியைத் துளையில் வைத்தாள். பாதி போய் நின்றது. உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தாள். முழுக்க இறங்கியது. ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"டிரில் பிரஸ்ஸுன்னா நாலு வேலைக்கு..." என்று வெங்கிடேஷ் தொடங்கினான்.

"எங்களுக்கு ஒரே வேலைதான் அண்ணாச்சி," என்றாள் ஜினி. "முந்நூத்தறுபது தடவ."

மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கட்டினார்கள். ஓட்டுநர் பக்கத்தில் இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். கிள்ளிப்பாலம் தாண்டும்போது ஜினி கை நீட்டினாள்.

"சாவி எங்க மைனி?"

தாசம்மாள் இடது கையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"இது மெஷின்கூடக் கிடக்கட்டும். பூட்டுக்கு வேற ஒண்ணு வெட்டிக்கிடு."