பதினேழு அங்குல ராஜயோகம்

திருத்தணியில் ரேடியோவைத் திறந்து பார்க்கும் துணிச்சல் பலருக்கு இருந்தது. மறுபடி மூடத் தெரிந்தவர் ஜமீல் அகமது ஒருவர்தான். அதோடு நின்றிருக்கலாம். 1974 ஆடிக் கிருத்திகைக் கச்சேரிக்கு கிடார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தானே செய்து தருவதாக கோதண்டபாணியிடம் ஒப்புக்கொண்டார்.

கோதண்டபாணி பொதட்டூர்பேட்டைக்காரர். பகலில் லுங்கி நெய்வார், பொழுது சாய்ந்தால் கிடார் வாசிப்பார். அதுவரை அந்தக் கிடார் ஒரு பழைய ரேடியோ வழியாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. நடுநடுவே உர விலையும் சொல்லும்.

டீக்கடையில் நாலு பேர் சிரித்ததும் ஜமீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கிருத்திகை அன்னிக்கு அது பேசலேன்னா, கடை போர்டைக் கழட்டிடறேன்." அன்றிலிருந்து அந்த நாலு பேரும் முருகனைவிட போர்டைத்தான் அதிகம் தரிசித்தார்கள்.

அலுமினியத் தகட்டை மடித்து, வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் உட்கார ஒரு சேஸிஸ் செய்தார். நீளம் பதினேழே முக்கால் அங்குலம். பெட்டியின் உள் அகலம் பதினெட்டு இருக்கட்டும் என்று சீட்டு எழுதி, பொதட்டூர்பேட்டையில் தறி செய்யும் வேதாசலம் ஆசாரிக்கு அனுப்பினார்.

கிருத்திகை அன்று காலை பெட்டி ஆசாரியோடு பஸ்ஸில் வந்து இறங்கியது. தேக்கு. ஸ்பீக்கருக்கு முன்னால் கோதண்டபாணி நெய்த கட்டம் போட்ட லுங்கித் துணி. சம்பந்தி வீட்டுக்கே சீராக அனுப்பலாம். சேஸிஸ்தான் நுழையவில்லை. ஜமீல் அளந்து பார்த்தார். சரியாகப் பதினேழு.

"பதினெட்டுன்னு எழுதிக் குடுத்தேனே ஆசாரி."

"ஆங், பார்த்தேன். மனையடி சாஸ்திரத்துல பதினெட்டு ஆகாது பாய். எல்லாம் பாழ்னு போட்டுகீது. பதினேழுன்னா ராஜயோகம்."

"அது வூட்டுக்கு. அடிக் கணக்கு."

"வூட்டுக்கு அடி, பொட்டிக்கு இஞ்சு. உள்ள ஒண்ணு குடியிருக்கப் போவுதில்ல?"

இதற்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்திலும் பதில் கிடையாது. சேஸிஸை வெட்டலாம் என்றால் ஒரு முனையில் டிரான்ஸ்ஃபார்மர், மறுமுனையில் கிடார் சொருகும் துளை. பெட்டியை அறுக்கலாம் என்றாலோ, ஆசாரி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். வாசலில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. கோதண்டபாணி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பழைய ரேடியோவைத் துடைத்து வைக்கப் போனார். டீக்கடையில் யாரோ ஏணி தேடுவதாகத் தகவல் வந்தது.

நாலு மணிக்கு ஜமீல் தணிந்த குரலில் கேட்டார்: "உயரம் எவ்ளோ வெச்சீங்க?"

"இருவது. அதுவும் நல்ல கணக்குதான்."

சேஸிஸைத் தூக்கிப் பக்கப் பலகையோடு செங்குத்தாக நிறுத்தினார். இரண்டேகால் அங்குலம் மிச்சம் வைத்துக்கொண்டு அடக்கமாக நின்றது. குமிழ்கள் வெளியே வர வேண்டிய துளைகளை அந்தப் பலகையில் ஆசாரியே போட்டுக் கொடுத்தார். ஓட்டைக்கு சாஸ்திரம் தடை சொல்லவில்லையாம்.

இரவு ஆம்ப்ளிஃபயர் பேசியது. மலைப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்க்கும்படி பேசியது. சத்தத்தைக் கூட்ட கோதண்டபாணி ஒவ்வொரு தடவையும் இடுப்பை ஒடித்துப் பக்கவாட்டில் வளைய வேண்டியிருந்தது. அதை ஸ்டைல் என்று நினைத்து முன்வரிசை கை தட்டியது. கச்சேரி கேட்க வந்திருந்த அரக்கோணத்து இசைக் குழுவினர் பெட்டியைச் சுற்றிவந்து, பக்கத்தில் குமிழ் வைத்த இந்த மாடல் எந்த நாட்டுடையது என்று விசாரித்தார்கள். வெளிநாட்டு மாடல் இல்லை என்று ஜமீல் சொல்லவில்லை. தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள்.

போர்டு தப்பியது. "பதினெட்டுல செஞ்சிருந்தா பேசியிருக்குமா?" என்று வேதாசலம் அதே டீக்கடையில் கேட்டார். ஜமீல் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

மறுவாரம் அரக்கோணத்துக்குச் செய்ய வேண்டிய தகட்டை அளவுக் கோடு போடாமலே சுருட்டி எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் பொதட்டூர்பேட்டை போனார்.

"பதினாறு எப்படிங்க ஆசாரி?"