பக்கத்து வீட்டுச் சாவி

கொழும்புக்குப் போன முதல் நாளே ஒரு காரியம் செய்தேன். கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு எடுத்த அறையைப் பூட்டிவிட்டு, சாவியைக் கொண்டுபோய்ப் பக்கத்து அறைக்காரப் பெண்ணிடம் நீட்டினேன். ஐம்பதைத் தாண்டியவர், ஏதோ ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பகுதியில் வேலை என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எனக்கு எதுக்கு தம்பி உங்க சாவி? நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா என்னையில்ல கேப்பாங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாவியும் கையுமாக நின்றேன். பூட்டுத் திறப்பதும் சாவி வெட்டுவதும்தான் என் தொழில். சாவியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பில் இருந்தவன், முதல் நாளே முட்டாளாகிப் போனேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது விசேஷமே இல்லை. யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் ஓரறை வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன் நான். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் தங்கள் அறையை, எங்கள் பேச்சில் காம்பராவை, பூட்டிச் சாவியை அடுத்த காம்பராவில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அங்கே வாங்கித் திறந்துகொள்ளும். வாங்கி வைத்தவருக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவிக்காரர் திரும்பி வரும்வரை அவர் எங்கும் நகரக்கூடாது. பஜாருக்குப் போக வேண்டுமா, கோயிலுக்குப் போக வேண்டுமா, எல்லாம் அவர் வந்த பிறகுதான். என் மனைவி ஒரு முறை சொந்தத் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கே பிந்திப் போனாள். கேட்டால், அடுத்த வீட்டுச் சாவி கையில் இருந்தது என்றாள். யாரும் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் தொழிலும் அப்படித்தான் நடந்தது. பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை அளவுக்கு எனக்கு இடம். சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது கூப்பிட்டால் போவேன். ஆனால் அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூட நின்று, "ஆமா, அவுங்க வீடுதான்" என்று சொல்லாமல் பூட்டில் கம்பியை வைக்கமாட்டேன். தமிழராக இருந்தாலும் சரி, சிங்களவராக இருந்தாலும் சரி. போலீஸ்காரர் வீட்டுக்குக்கூட அப்படித்தான் திறந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு ஏன் கொழும்புக்குப் போனாய் என்று கேட்கலாம். சாமான் விலை ஏறிய பிறகு எங்கள் பக்கம் யாரும் புதுப் பூட்டு வாங்குவதில்லை. பழுதான பூட்டைக் கம்பியால் கட்டி வைத்துக்கொள்கிறார்கள். மழை பெய்தால் பால் வெட்டும் மனைவிக்கு வேலை இல்லை, எங்கள் பக்கம் மழை பெய்யாத நாளைத் தேட வேண்டும். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் டியூஷனுக்கு அனுப்ப முடியவில்லை. கொழும்பில் பூட்டுக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், மூன்று மாதம் ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தரமாக்கி, கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளையும் தருவதாகச் சொன்னார். குடும்பத்தைக் கூட்டி வந்துவிடலாம். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். அந்த இரண்டு அறைகளுக்காகத்தான் நான் போனேன், வேறு எதற்காகவும் இல்லை.

வேலை எனக்குக் கஷ்டமாக இல்லை. மனிதர்கள்தான் பிடிபடவில்லை. முதல் வாரமே மாடி வீடு ஒன்றுக்கு அனுப்பினார்கள். உத்தியோகத்துக்குப் போகும் ஒரு பெண், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாராம். நான் வழக்கம்போலப் பக்கத்துக் கதவைத் தட்டி, இந்த வீடு இவருடையதுதானா என்று கேட்டேன். உள்ளேயிருந்து வந்த ஆள் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரியாது என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. நான்கு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறாராம். கடைக்குப் போன் பண்ணி நன்றாக ஏசியிருக்கிறார்.

முதலாளி அன்று சிரித்தார். இரண்டாம் முறை இன்னொரு வீட்டிலும் அதே கதை நடந்தபோது அவர் சிரிக்கவில்லை. காசு கொடுப்பவர்தான் வீட்டுக்காரர், வேறு சாட்சி வேண்டாம், இன்னொரு முறை பக்கத்துக் கதவைத் தட்டினால் ஊருக்கு பஸ் ஏறிவிடு என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் ஏதோ நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாதபோது நான் யாரைத்தான் கேட்பது? அதற்குப் பிறகு கேட்காமல் திறந்தேன். திறந்துவிட்டு வரும் வழியெல்லாம் யார் வீட்டைத் திறந்தோம் என்ற யோசனையாகவே இருக்கும். தூக்கமும் சரியில்லை.

அப்படியே மூன்றாவது மாதமும் வந்துவிட்டது. மனைவி, மேலே இருக்கும் அறைகளில் ஜன்னல் எத்தனை என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

ஒரு நாள் பகலில் பூட்டுத் திறக்கப் போக வேண்டிய இடம் கடையிலிருந்து போனுக்கு வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனில் காட்டிய வழியே போனேன். பார்த்தால் என் தெரு, என் கட்டடம். படி ஏறினால் நான் குடியிருக்கும் அதே நடை. என் அறைக்கு அடுத்த கதவின் முன்னால் ஓர் இளைஞன் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டையை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான்.

அம்மா வேலைக்குப் போய்விட்டார், தன் சாவி தொலைந்துவிட்டது என்றான். ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தில் போன் வைத்திருக்க விடமாட்டார்களாம். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் முருகன் படம், ஜன்னலோரம் அடுப்பு என்று கேட்காமலே சொன்னான். கதவில் தொங்கியது சாதாரண ஆமைப்பூட்டு. கண்ணை மூடிக்கொண்டே திறந்துவிடுவேன்.

கை போகவில்லை. முதல் நாள் என் சாவியை வாங்க மறுத்த அந்த அக்காவுக்கு மகன் இருக்கிறானா? எனக்குத் தெரியாது. இத்தனை நாளில் தண்ணீர்க் குழாயடியில் பார்த்திருக்கிறேன், "வேலைக்கா?" என்று கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். முருகன் படம் இடது பக்கமா வலது பக்கமா என்பதும் எனக்குத் தெரியாது. முதலாளி சொன்னதை மறந்து எதிர்க் கதவைத் தட்டினேன். அங்கே குடியிருந்த ஆட்டோக்காரர் அரைத் தூக்கத்தில் எழுந்து வந்து, நான் கேட்டதைக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் திருப்பிக் கேட்டார்.

"பக்கத்து வீட்டுக்காரர் நீங்கதானே பாஸ்?"

அவர் கிண்டல் பண்ணவில்லை. எனக்குத்தான் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஊரெல்லாம் போய் யார் யாரையோ சாட்சிக்குத் தேடியவன், இங்கே சாட்சி நானாகவே இருந்தும் சொல்ல ஒன்றும் தெரியாமல் நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தப் பையன் இதற்குள் கடைக்குப் போன் பண்ணிவிட்டான். முதலாளி என்னிடம் பேசினார். திறந்துவிட்டு வா, முடியாது என்றால் கடைப் பக்கம் வராதே என்றார். எனக்கு அந்த இரண்டு அறைகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதும் வந்தது. கம்பியை எடுத்தேன், பூட்டைக் கையில் பிடித்தேன், விட்டேன். அம்மா வந்ததும் காசு வாங்காமலே திறந்து தருகிறேன், அதுவரை என் அறையில் உட்காருங்கள் என்று அவனிடம் சொன்னேன். சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம்.

அவன் சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான். பிறகு சந்திவரை போய் வருவதாகச் சொல்லிவிட்டு, அந்தப் பூட்டை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான். திரும்பி வரவில்லை.

அந்தியில் அக்கா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"திறக்கலையே?"

"இல்லக்கா."

"நல்ல வேலை செஞ்சீங்க தம்பி."

அவன் அவர் மகன்தான். போதைத் தூள் பழக்கம். போன முறை வந்தபோது கேஸ் சிலிண்டரையும் மின்விசிறியையும் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டானாம். அதற்குப் பிறகு பூட்டை மாற்றிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு யாரும் இல்லை என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. நான் செய்தது சரிதான் என்று நிம்மதியாக உட்கார்ந்து சோறு வைத்தேன். சோறு கொதித்து வருவதற்குள் அவர் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டார்.

"மெலிஞ்சிருந்தானா?"

என்ன சொல்வது? முன்னால் எப்படி இருந்தான் என்று தெரிந்தால்தானே? கொஞ்சம் மெலிவுதான் என்றேன். சாப்பிட்ட முகமா என்று கேட்டார். தண்ணீர் குடித்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். நல்ல வேலை செய்தேனா, ஒரு தாயின் பிள்ளையைப் பசியோடு திருப்பி அனுப்பினேனா? இரண்டையும் செய்திருக்கிறேன் என்றால் மனதை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது? கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி சத்தம் போடவில்லை. கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு, நீ நல்ல வேலைக்காரன், ஆனால் கொழும்புக்கு ஆகமாட்டாய் என்றார். மனைவியிடம் போனில் சொன்னேன். சரி, வாங்க, மகளுக்கு வேறு வழி பார்க்கலாம் என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் பையைக் கட்டி வைத்தேன். அவிசாவளை பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம். செருப்பைப் போடும்போது கதவு தட்டப்பட்டது. அக்கா வேலைக்குப் புறப்பட்டு, தலையில் ஈரம் காயாமல் நின்றார்.

"தம்பி, இன்னொரு சாவி வெட்டி வச்சிருந்தேன். இது உங்ககிட்ட இருக்கட்டும். அவன் வந்தா உள்ள மட்டும் விட்டுராதீங்க. அடுப்புக்கிட்ட சோறு மூடி வச்சிருக்கேன், நீங்க எடுத்து வெளிய குடுங்க."

சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். கதவு மறைவில் இருந்த பை அவர் கண்ணில் படவில்லை. நான் இன்று ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பாதிப் படி இறங்கிவிட்டார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அப்படியே நின்றுகொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது.

"பஸ் ஏறிட்டீங்களா?"

"இல்ல. பக்கத்து வீட்டுச் சாவி கையில இருக்கு."

யார் சாவி, எதற்கு, வேலையே போன பிறகு அங்கே உங்களுக்கு என்ன என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அவுங்க எப்ப வருவாங்க?"

"அந்திக்குத்தான்."

"அப்ப அவுங்க வந்தப்புறம் வாங்க."

போனை வைத்துவிட்டுப் பையை உள்ளே தள்ளினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். கீழே யாராவது படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை சாவியை இறுக்கியது. அவன் வர வேண்டும் என்று நினைத்தேனா, வரக்கூடாது என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை.