பச்சையாகத் துருவிய வள்ளிக்கிழங்கு

போன தை மாதம், ஜெயபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஜப்பானுக்கு வேலைக்குப் போயிருந்த என் தம்பி புற்றுநோயில் அங்கேயே இறந்துபோனான். உடலைக் கொண்டுவர எங்களுக்கு வழியிருக்கவில்லை. அவனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த ஜப்பான்காரப் பெண்ணொருத்தி அஸ்தியைக் கொண்டுவந்து தந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைவரை எங்களோடு தங்கினாள்.

அம்மா அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. செய்தி வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்விதான். பிள்ளை கடைசியில் ஏதாவது சாப்பிட்டானா, பசியோடு போனானா? அதை அவளிடம் கேட்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, எனக்குத் துணிவு வரவில்லை. சோற்றைப் பிசைவார், கையைக் கழுவிவிட்டு எழும்பிவிடுவார்.

இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். தம்பிக்கு இராசவள்ளிக்கிழங்கு என்றால் உயிர். தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சினால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழும்புவான். அந்தியேட்டியன்று நான் அதை அடுப்பில் வைத்திருந்தேன். குசினி மூலையில் கிடந்த வெள்ளை வள்ளிக்கிழங்கு ஒன்றை அந்தப் பெண் எடுத்துத் தோல் சீவி, பச்சையாகவே துருவத் தொடங்கினாள். எனக்கு எரிச்சல் வந்தது. அவிக்காமல் யாராவது கிழங்கு தின்பார்களா?

அவள் கைபேசியில் எழுதி, தமிழாக்கிக் காட்டினாள். அவர்கள் ஊரில் ஒரு வகை வள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் துருவி, சோயா சோஸ் கலந்து சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். வழுவழுவென்று இருப்பதால், ஒன்றும் விழுங்க முடியாமல் கிடந்த தம்பிக்கு அது மட்டும்தான் இறங்கியதாம். வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவள்தான் ஊட்டினாளாம்.

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா எழும்பி வந்தார். எங்கள் கிழங்கு அவர்களுடைய கிழங்கு இல்லையே, பச்சைச் சாறு பட்டால் தோல் அரிக்கும். அவளுடைய இரண்டு கைகளும் சிவந்து தடித்திருந்தன. அப்படியும் துருவிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும், தம்பி சொல்லிக்கொடுத்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

“கொஞ்சம் சாப்பிட்டவர், அம்மா. ஒவ்வொரு நாளும் கொஞ்சம்.”

அம்மா துருவியை வாங்கி வைத்தார்.

“காணும் பிள்ளை, விடு. கை கடிக்கும்.”

புளியைக் கரைத்து அவளுடைய கைகளில் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே அழுதார். தம்பி போன பிறகு அம்மா வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

படையலில் இராசவள்ளிக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைக் கிழங்கையும் அம்மாவே வைத்தார். பிறகு அவளைப் பக்கத்தில் இருத்திச் சாப்பிட்டார்.

 தம்பி பசியோடு போகவில்லை, தெரியாத ஊரில் அவனுக்கு ஊட்டிவிட ஒரு கை இருந்தது என்ற நினைப்பில்தான் எங்களுக்குச் சோறு இறங்குகிறது.