இரண்டு பந்து வைத்திருந்த டாக்டர்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு பனியன் கம்பெனிக்குப் போனவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பின் உச்சியை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும் என்றார்கள். “ரெட்டைப் பந்து கேளு, அதுதான் ஒசத்தி” என்று கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

எலும்பு டாக்டர் நரைத்த மீசைக்காரர். கோட்டுப் பைக்குள் ஒற்றை, ரெட்டை என இரண்டு மாதிரிப் பந்துகளை எப்போதும் உருட்டிக்கொண்டிருப்பார். இரண்டையும் அம்மா கையில் கொடுத்தார்.

“நடக்கறதுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானுங்கம்மா. உங்க எலும்பு மெலிசு, சிமெண்டு வெச்சு ஒட்டுனா வலி கம்மி. வேலைக்கு எப்படி உக்காருவீங்க?”

“குத்தவெச்சுத்தானுங்க சாமி. வேஸ்ட் துணி பிரிக்கோணுமல்லோ.”

அவர் கோட்டோடு தரையில் குத்தவைத்தார். “இப்படிங்களா?”

“இன்னும் குனியோணுமுங்க!” அம்மா வலியிலும் சிரித்தார்.

“இனி இது வேண்டாமுங்க. எந்தப் பந்தும் நழுவீரும்.”

“அப்ப எம்பட வேலைங்க?”

“ஒசரமா பெஞ்சு போட்டுக் குடுக்க மகன் இருக்காருங்களே.”

தலையாட்டினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் போட்டுக் கொடுத்த பெஞ்சில்தான் அம்மா இப்போது துணி பிரிக்கிறார். நடந்தே போய் வருகிறார். நன்றி சொல்ல டாக்டர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

8.6.2008, ஞாயிறு.