நிசப்தத்தை நீக்கவா?

அப்பா வேலை பார்த்த ரேடியோக் கடையின் டேப் ரிக்கார்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வந்து உட்கார்ந்தது. சோற்றுப்பானை வைக்க இடமில்லை, அவ்வளவு பெரிசு. முதலாளியிடம் கெஞ்சி ஒருநாள் இரவல் வாங்கி வந்திருந்தார். பாட்டுக் கேட்கப் போகிறோம் என்று நான் குதித்தேன். அதுவோ அம்மாவைப் பரீட்சைக்குத் தயார் செய்ய வந்த பெட்டி.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. அப்பா மலாக்காவிலேயே பிறந்தவர், அவருக்குக் கவலையில்லை. ஊரிலிருந்து கப்பலில் வந்த அம்மாதான் குடியுரிமைக்காக அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் பதில் சொல்ல வேண்டும். தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெருவில் பயமுறுத்தினார்கள். "எவன் வேணா வரட்டும். என் புள்ளையும் என் அடுப்பும் இங்க இருக்கு. நான் எங்கயும் போறதா இல்ல" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாளுக்குத் தமிழ் வராது, தலைமுறைகளாக அவர்கள் வீட்டில் மலாய்தான். நல்லதாகப் போயிற்று, அவரோடு பேசிப் பேசியே அம்மா மலாயைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் தொண்டையில் முள்ளாக நின்றது. கணவர் பெயர் என்ன?

அப்பாவுக்கு முருகன் பெயர்களில் ஒன்று. கட்டிய நாள் முதல் அம்மா அதை நாக்கில் வைத்ததில்லை. கோயிலில்கூட "மயில்மேல வர்றவரே" என்றுதான் கும்பிடுவாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். சொல்லாவிட்டால் நாடு இல்லை. சொன்னால் புருஷனுக்கு ஆகாது. அவளுக்கு அது விளையாட்டே இல்லை.

அப்பா அதிகாரி மாதிரி குரலை இறுக்கிக்கொண்டு கேட்டார். பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள். அம்மா பட்பட்டென்று சொன்னாள். கணவர் பெயர் என்றதும் மோவாயால் அப்பாவைச் சுட்டிக் காட்டினாள்.

"டேப்புக்குக் கண்ணு கிடையாது புள்ள, வாயத் தொற!" என்று அதட்டினார் அப்பா.

நான் சிரித்துவிட்டேன். அம்மா முறைத்த முறைப்பில் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு யாரும் பேசவில்லை. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கைவளையல்களை மேலே ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். அப்பா மறுபடி கேட்கவில்லை, நிறுத்தவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அம்மா அந்தப் பெயரைச் சொன்னாள். சொன்ன கையோடு தாலியைக் கண்ணில் ஒற்றி, "சாமி, குத்தமா எடுத்துக்காத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதிகாரி முன்னால் இன்னொரு முறை சொன்னாளாம். குடியுரிமை கிடைத்தது. அதற்குப்பின் சாகும்வரை சொல்லவில்லை. அப்பாவின் ஆயுசு ஒன்றும் குறையவில்லை. அம்மாவை வழியனுப்பிவிட்டுத்தான் போனார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாலும் அப்பா எடுத்து வைத்துக்கொண்ட அந்த நாடாவைப் பல வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றி வைத்திருந்தேன். இப்போது ஜொகூரில் இருக்கும் தம்பி, இதற்கெல்லாம் பின்னால் பிறந்தவன், அம்மா குரலைக் கேட்க வேண்டும் என்றான். அனுப்பினால் அவன் போனில் திறக்கவில்லை. பழைய வகைக் கோப்பு, அளவும் பெரிசு. இணையத்தில் ஏற்றினால் சின்னதாக மாற்றித் தருகிறார்கள் என்றார்கள். ஏற்றினேன், மாற்றினேன், போட்டுக் கேட்டேன்.

அப்பா அதட்டுகிறார். அடுத்த நொடியே அம்மா பெயரைச் சொல்லிவிடுகிறாள்.

அதட்டலுக்குப் பயந்து சொன்னவளா என் அம்மா? திரும்பப் போய்ப் பார்த்தால், 'சத்தமில்லாத இடங்களை நீக்கு' என்ற கட்டத்தில் முன்னமே சரிக்குறி போட்டிருக்கிறார்கள். வளையல் ஓசைகூட அந்த இயந்திரத்துக்குச் சத்தமாகப் படவில்லை. அடப்பாவிகளா! அவள் தானாக முடிவெடுத்த இடமல்லவா அது? குறியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பாதியில் இணையம் அறுந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி அறுந்தது. விடுவேனா? நான் அவள் பெண். முழுசாக வந்தபிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

தம்பிக்கு அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அப்பாவின் அதட்டல் எனக்கும் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"என்னக்கா, ஒண்ணுமே கேக்கலையே லா? ஃபைல் கெட்டுப்போச்சா?"

"கெடலடா. நிறுத்தாத. அம்மா சொல்லப் போறாங்க."