வட்டிக்குப் போன வெல்லம்

எங்கள் வாசலில் தமுக்கடித்து, இந்த வீடு ஏலத்துக்கு வருகிறது என்று கோர்ட்டு ஆள் கூவிவிட்டுப் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் இருந்தபோது, கிணறு வெட்டுவதற்காக வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். கொடுத்தவர் எங்களுக்கு மாமா முறை. பிறகு வீட்டுக்காரர் காலமானார். எங்கள் தோட்டத்துக் கரும்பில் காய்ச்சும் வெல்லத்தின் விலையும் படுத்துவிட்டது. இரண்டு வருஷம் வட்டி நின்றதும் மாமா கோயமுத்தூர் கோர்ட்டில் வீட்டை ஏலம் போட டிக்ரி வாங்கிவிட்டார். ஏலப்பணம் போதாவிட்டால் மீதிக்குத் தோட்டத்தையும் பிடிக்கலாம் என்று என் வக்கீல் சொன்னார். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது?

அந்தச் சமயத்தில்தான் விவசாயிகளின் கடனுக்குப் புதுச் சட்டம் வந்தது. கட்டிய வட்டியையும் சேர்த்து, வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் தீர்ந்துவிடும். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனக்கு அந்தக் கவலையே இல்லை. வரி கேட்டு வருமளவுக்கு எங்களை யாரும் மதித்ததில்லை!

நான் மனுப் போட்டேன், ஏலம் நின்றது. ஆனால் கட்டியதற்கு அத்தாட்சி வேண்டுமே? வருஷந்தோறும் பொங்கலுக்கு முன்னால் வட்டிக்கு ஈடாக ஒரு வண்டி வெல்லம் மாமா வீட்டில் இறங்கும். ரசீது கேட்டதில்லை. சொந்தக்காரரிடம் ரசீது கேட்டால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி.

சாட்சிக் கூண்டில் ஏறிய மாமா, "வெல்லமுங்களா? ஒரு அச்சுக்கூட எங்கூட்டுக்கு வந்ததில்லீங்க" என்று கூசாமல் சொன்னார். வக்கீல் எவ்வளவோ மடக்கிப் பார்த்தும் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மாமாவை எனக்குத் தெரியும். விருந்துக்குப் போன இடத்தில் உப்பில்லாத குழம்பைக்கூட அமிர்தம் என்று சொல்லுகிற மனுஷர் அவர். நான் எழுந்து முன்சீப்பைக் கும்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன் என்றேன். போனால் போகிறது என்று தலையாட்டினார்.

"ஏனுங் மாமா, கடைசியா அனுப்புன வெல்லத்துல பாகு கொஞ்சம் முத்திப்போச்சுங்க. கசந்துதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மணி!" என்றார் மாமா பதறிப்போய். "உன்ற வெல்லத்தக் கொறை சொல்ல முடியுமா? வருசா வருசம் வண்டி வந்து எறங்குனா எங்க வீதியே மணக்குமே!"

கோர்ட்டே சிரித்தது. மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். எத்தனை வருஷமாக என்று முன்சீப் கேட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று மாமா உள்ளதைச் சொன்னார். அந்தந்த வருஷச் சந்தை விலைப்படி கணக்குப் போட்டதில் அசலின் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கடன் தீர்ந்தது, ஏலமும் ரத்து என்று உத்தரவானது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்தால், மாமா என் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தார். விடுவேனா? கூப்பிட்டு நிறுத்தினேன்.

"மாமா, இந்த வருசம் வெல்லம் வேணுமுன்னா சொல்லியுடுங்க. காசக் குடுத்துப்போட்டு எடுத்துக்கலாமுங்க."